142857: ஒரு சிறுமியின் கேள்வியும் நமது மௌனமும்



இன்று சற்றுக் காரமாகவே எழுத வேண்டியுள்ளது. படித்துச் சிலர் மனம் வருந்தக்கூடும். வருந்துவோர் பட்டியலில் முதற்பெயர் என்னுடையதே என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அண்மையில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்து நடத்தப்பட்ட தன்முனைப்புப் பயிலரங்கு ஒன்றுக்கு எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். பேச்சாளர் நல்ல நாவன்மை உடையவர். திரையில் ஓர் எண்ணைக் காட்டினார்: 142857. அதை இரண்டால் பெருக்கச் சொன்னார். 285714 வந்தது. மூன்றால் பெருக்கினால் 428571. நான்கால் 571428. ஐந்தால் 714285. ஆறால் 857142. ஒவ்வொரு முறையும் அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசையில், இடம் மட்டும் சுழன்று வந்து நின்றன. மண்டபம் முழுவதும் கைதட்டல். பெற்றோர்கள் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தனர்.

அப்பொழுது என் வகுப்பு மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "ஐயா, ஏன் அப்படி வருகிறது?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேள்வி.

"அது இறைவன் மட்டுமே அறிந்த இரகசியம் அம்மா. அதனால்தான் இதற்கு மந்திர எண் என்று பெயர்" என்றார் பேச்சாளர். மீண்டும் கைதட்டல். அந்தப் பிள்ளை அமர்ந்துவிட்டாள். அடுத்து ஏழால் பெருக்கி 999999 என்று காட்டினார். ஏழு பிறப்பு என்றார். ஒன்பது கோள்கள் என்றார். எண்களின் ஆற்றல் மனித வாழ்வை எவ்வாறு ஆள்கிறது என்று விளக்கினார். தேநீர் இடைவேளையில், பிள்ளைகளின் பெயரெழுத்துகளை எண்கணித முறைப்படி 'சரி' செய்து தருவதாக அறிவிப்பு வந்தது. பெற்றோர் சிலர் வரிசையில் நின்றனர்.

நான் என்ன செய்தேன்? வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னது பிழை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு விடை உண்டு என்பதும், அவ்விடை அப்பிள்ளைக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளது என்பதும் தெரியும். அவையடக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அமர்ந்திருந்தேன். அவையடக்கமாவது, வெங்காயமாவது! அது கோழைத்தனம். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் உண்டு. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் இதே எண்ணை நானும் என் பாடங்களில் பீடிகையாகப் பயன்படுத்தியிருக்கிறேன். மாணவர்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள். "சரி, இப்பொழுது பாடநூலில் இத்தனையாம் பக்கத்தைத் திறங்கள்" என்று பெருக்கல் பயிற்சிக்குத் தாவிவிடுவேன். வியக்க வைத்தேன், விளக்கவில்லை. அந்தப் பேச்சாளருக்கும் எனக்கும் இருந்த வேறுபாடு, நான் பெயர் மாற்றிக் கொடுக்கவில்லை என்பது மட்டுமே.

எனவே அடுத்த திங்கட்கிழமை நான் வகுப்பில் செய்ததை இங்கு விரிவாகவே எழுதுகிறேன். ஆசிரியர்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கரும்பலகையில் ஒன்றை ஏழால் வகுக்கச் சொன்னேன். நீள் வகுத்தல்தான், வேறொன்றும் இல்லை. ஒன்றில் ஏழு போகாது. ஒரு சுழியம் சேர்த்தால் பத்து. பத்தில் ஏழு ஒரு முறை போகும், மீதி 3. முப்பதில் நான்கு முறை, மீதி 2. இருபதில் இரண்டு முறை, மீதி 6. அறுபதில் எட்டு முறை, மீதி 4. நாற்பதில் ஐந்து முறை, மீதி 5. ஐம்பதில் ஏழு முறை, மீதி 1. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம்! இனிமேல் நடப்பதெல்லாம் நடந்ததன் மறுபடியே. ஈவு இலக்கங்களை வரிசையாகப் படித்தால் 1, 4, 2, 8, 5, 7. அதாவது ஏழில் ஒன்று என்னும் பின்னத்தைத் தசமமாக எழுதினால் 0.142857142857... என்று முடிவின்றி நீளும். அந்த 'மந்திர எண்' பிறந்த வீடு இதுதான். எந்த முனிவரும் தவத்தில் கண்டெடுத்ததன்று. ஒரு ரொட்டியை ஏழு பேருக்குப் பங்கிட முயன்றால் கிடைப்பது.

அடுத்து மீதிகளைப் பார்க்கச் சொன்னேன். ஏழால் வகுத்தால் வரக்கூடிய மீதிகள் ஆறு: 1, 2, 3, 4, 5, 6. சுழியம் வந்தால் கணக்கு முடிந்துவிடும். இங்கு அது வரவில்லை. ஆறு மீதிகளும் ஒன்று விடாமல் வந்தன; 1, 3, 2, 6, 4, 5 என்னும் வரிசையில் வந்தன; பிறகு மீண்டும் 1. இதை வட்டமாகச் சுற்றும் பள்ளிப் பேருந்தாக வரைந்தோம். ஆறு நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்தை விட்டுப் புறப்படும்பொழுதும் ஓட்டுநர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். முதல் நிறுத்தத்தில் 1 என்ற சீட்டு, மூன்றாம் எண் நிறுத்தத்தில் 4, இரண்டாம் எண் நிறுத்தத்தில் 2, ஆறில் 8, நான்கில் 5, ஐந்தில் 7.

இப்பொழுது இரண்டை ஏழால் வகுத்தால் என்ன ஆகும்? புதிய பேருந்தா வரப் போகிறது? இல்லை. அதே பேருந்து, அதே பாதை. பயணி மட்டும் 2 என்னும் நிறுத்தத்தில் ஏறுகிறார். அவருக்குக் கிடைக்கும் சீட்டுகள் 2, 8, 5, 7, 1, 4. மூன்றை வகுத்தால் 3 என்னும் நிறுத்தத்தில் ஏறுகிறார்: 4, 2, 8, 5, 7, 1. ஏழில் இரண்டு என்பது ஏழில் ஒன்றின் இருமடங்கு. ஆகவே 142857ஐ இரண்டால் பெருக்கினால் 285714 வந்தே தீர வேண்டும். வராவிட்டால்தான் வியப்பு!

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "அப்படியென்றால் ஏழால் பெருக்கினால் ஏன் எல்லாம் ஒன்பது?" என்றான். அவனையே கரும்பலகைக்கு அழைத்தேன். ஆறு சுழியம் சேர்த்து வகுத்தபொழுது மீதி ஒன்று வந்ததல்லவா? அதன் பொருள், ஒரு மில்லியனை ஏழால் வகுத்தால் ஈவு 142857, மீதி 1. அந்த ஒன்றைக் கழித்துவிட்டால் மீதியின்றி வகுபடும். ஒரு மில்லியனில் ஒன்றைக் கழித்தால் 999999. ஏழு பிறப்பும் இல்லை. ஒன்பது கோளும் இல்லை.

பேருந்து வட்டத்தை இன்னும் சற்று உற்று நோக்குங்கள். வட்டத்தில் 1க்கு நேர் எதிரே இருப்பது 6. மூன்றுக்கு எதிரே 4. இரண்டுக்கு எதிரே 5. ஒவ்வோர் இணையையும் கூட்டினால் 7. ஏழில் ஒன்றும் ஏழில் ஆறும் சேர்ந்தால் முழு ஒன்று. அதனால்தான் 142857 என்பதை நடுவில் பிளந்து 142, 857 என்னும் இரு பாதிகளைக் கூட்டினால் 999 வருகிறது. முதல் இலக்கமும் நான்காம் இலக்கமும் சேர்ந்தால் 9. இரண்டாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் 9. மூன்றாவதும் ஆறாவதும் சேர்ந்தால் 9. பிரான்சு நாட்டைச் சேர்ந்த மிடி என்பவர் 1836இல் இப்பண்பைப் பொதுவாக நிறுவினார். அவர் பெயராலேயே அது தேற்றமாக வழங்குகிறது. எங்கள் வகுப்பில் அதைக் கண்டவள், மண்டபத்தில் கையை உயர்த்தி அமர்த்தப்பட்ட அதே மாணவி. எண்களை எதிரெதிரே கோடு போட்டு இணைத்துவிட்டு, "ஐயா, எல்லாக் கோடும் ஏழுதான்" என்றாள்.

இன்னொரு பண்பும் உண்டு. இது சற்று மேல்வகுப்பினருக்கு உரியது. 142857ஐ அதே எண்ணால் பெருக்கினால் 20408122449 வரும். இதைப் பிரித்து 20408, 122449 என எழுதிக் கூட்டுங்கள். மீண்டும் 142857! இப்பண்புடைய எண்களைக் கப்ரேகர் எண்கள் என்பர். மராட்டிய மாநிலத்தின் தேவலாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய த. இரா. கப்ரேகர் (1905-1986) கண்டவை அவை. ஆம், பள்ளி ஆசிரியர்தான்! நம்மைப் போலவே சுண்ணக்கட்டி பிடித்தவர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், பாட வேளை போக மிஞ்சிய நேரத்தில் எண்களை நோண்டிக்கொண்டிருந்தவர். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் தமது பத்திகளில் எழுதிய பிறகே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 'நேரமில்லை' என்று ஆசிரியர் அறையில் புலம்பும்பொழுதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். பிறகு சற்று வாயை மூடிக்கொள்வேன்.

இதற்கும் காரணம் உண்டு. 142857ஐ ஏழால் வகுத்தால் ஈவு 20408, மீதி 1. ஆகவே 142857ஐ அதனாலேயே பெருக்குவது என்பது, அதை 7ஆலும் 20408ஆலும் பெருக்கி, அத்துடன் ஒரு 142857ஐச் சேர்ப்பதே. 142857ஐ ஏழால் பெருக்கினால் 999999 என்று முன்பே கண்டோம். எனவே 20408 முறை 999999; கூடுதலாக ஒரு 142857. 999999 என்பது மில்லியனில் ஒன்று குறைவு. ஆக, 20408 மில்லியன், அதில் 20408 குறைகிறது, 142857 கூடுகிறது. 142857இல் 20408ஐக் கழித்தால் 122449. வந்துவிட்டதல்லவா? முன்பாதியாக 20408, பின்பாதியாக 142857க்கு அதை நிரப்பும் மிச்சம். கூட்டினால் 142857 வராமல் வேறெது வரும்?

இப்பொழுது நான் வழக்குக்கு வருகிறேன்.

"காரணத்தைச் சொல்லிவிட்டால் சுவை போய்விடுமே ஆசிரியரே" என்று நண்பர் ஒருவர் புலனத்தில் எழுதினார். சுவை எப்படிப் போகும்? செப்படி வித்தைக்காரரின் சூட்சுமம் தெரிந்தால் வித்தையின் சுவை போகும். ஏனெனில் அங்கு சூட்சுமம் என்பது ஏமாற்று. கணிதத்தில் சூட்சுமமே சுவை. எண் சுழல்கிறது என்று கண்டபொழுது என் மாணவர்கள் கைதட்டினார்கள். ஏன் சுழல்கிறது என்று கண்டபொழுது ஒருவரும் கைதட்டவில்லை. கரும்பலகையை நோக்கி எழுந்து வந்தார்கள். இரண்டில் எது கல்வி என்று நீங்களே சொல்லுங்கள்.

மற்றொரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு எண் என்றாலே ஆன்மிகம். இதே 1-4-2-8-5-7 வரிசையை ஒன்பது புள்ளிகள் கொண்ட வட்டத்துக்குள் கோடுகளாக வரைந்து, பேரண்டத்தின் இரகசியம் என்று கற்பித்தவர் குர்ஜீயெஃப் என்னும் மெய்ஞ்ஞானப் போதகர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். அந்த உருவம் பிற்காலத்தில் மனிதரை ஒன்பது வகையாகப் பிரிக்கும் ஆளுமைத் தேர்வாக மாறி, பயிற்சிக் கூடங்களில் இன்றும் உலவுகிறது. ஒன்றை ஏழால் வகுத்த கணக்கு எத்தனை தொலைவு பயணம் போயிருக்கிறது, பாருங்கள்!

இவர்கள் காணத் தவறிய ஒன்றை நம் பிள்ளைகளுக்கு நாம் காட்ட வேண்டும். அந்தச் சுழற்சி 142857 என்னும் எண்ணின் குணமே அன்று. நாம் அதை எழுதும் முறையின் குணம். நமக்குப் பத்து விரல்கள். அதனால் பத்தடிமானத்தில் எண்ணுகிறோம். எட்டு விரல்கள் இருந்து எட்டடிமானத்தில் எண்ணியிருந்தால், இதே எண்ணை 427011 என்று எழுதியிருப்போம். அதன் இருமடங்கு 1056022. சுழற்சி எங்கே? மாயமாய் மறைந்துவிட்டது! அம்முறையில் ஏழில் ஒன்று என்பது 0.1111... என்று வெறும் ஒன்றுகளாக ஓடும். இறைவனின் இரகசியம் மனிதனின் இரண்டு விரல்களை நம்பியா இருக்கும்?

இவ்வளவு தொலைவு போக வேண்டாம். நம் வீட்டிலேயே சான்று உள்ளது. நம் முன்னோர் வழங்கிய பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு: ௰, ௱, ௲. அதில் இடமதிப்பும் சுழியமும் இல்லை. ஒரு நூற்றைக் குறிக்க ௱ என்று எழுதினாலே போதும். முன்னால் ஒன்றைப் போட வேண்டியதில்லை. அம்முறையில் 142857ஐ ௱௪௰௨௲௮௱௫௰௭ என்று எழுதிப் பாருங்கள். தொடக்கத்தில் இருக்க வேண்டிய அந்த 'ஒன்று' கண்ணுக்கே படாது. கணக்கதிகாரம் தந்த இனத்துக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. அந்த எழுத்துமுறையில் இந்தக் காட்சி தெரியாது; அவ்வளவுதான்.

எழுதும் முறை மாறினாலும் மாறாத குணங்கள் என்று சில உண்டு. அவையே அந்த எண்ணின் உண்மையான உடைமை. 142857ஐப் பகா எண்களின் பெருக்கமாக உடைத்தால் 3 × 3 × 3 × 11 × 13 × 37. மொத்தம் 32 காரணிகள். இதை எட்டடிமானத்தில் எழுதினாலும், பழந்தமிழ்க் குறியில் எழுதினாலும், எழுதாமலே கூழாங்கற்களாகக் குவித்து வைத்தாலும், பதின்மூன்று பேருக்கு மீதியின்றிப் பங்கிடலாம். ஐந்தாம் ஆண்டில் ஒரு மில்லியன் வரையுள்ள எண்களைக் கற்பிக்கிறோம். பகா எண்களையும் கற்பிக்கிறோம். இரண்டையும் இணைத்துக் காட்ட இதைவிட நல்ல எண் எனக்குத் தெரிந்து இல்லை.

பெற்றோர்களே, இனி உங்களோடு பேச வேண்டும். பெயரெண்ணைப் பற்றி.

142857இன் இலக்கங்களைக் கூட்டினால் 27. அதையும் கூட்டினால் 9. 'ஒன்பது வந்துவிட்டது, பார்த்தீர்களா' என்பார்கள். பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. நூறை வகுத்தாலும் ஒன்று. ஆயிரத்தை வகுத்தாலும் ஒன்று. ஆதலால் எந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினாலும், ஒன்பதால் வகுத்த மீதிதான் கிடைக்கும்; மீதியே இல்லையென்றால் ஒன்பது கிடைக்கும். 142857 மூன்று முறை மூன்றால் வகுபடுவது. எனவே ஒன்பதால் வகுபடுவது. வேறு எதுவும் இதில் இல்லை. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் பெருக்கல் விடையைச் சரிபார்க்கக் கணக்கப்பிள்ளைகளுக்கு உதவிய எளிய கருவி இது. அந்தக் கருவியை எடுத்து, பிள்ளையின் பெயரை உரோம எழுத்துகளில் எழுதி, எழுத்துக்கு ஓர் எண் கொடுத்து, கூட்டி, 'எட்டு வருகிறது, ஆகாது' என்கிறார்கள். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு மூன்று முறைகள் உண்டு. ஒரு முறையில் எட்டு வரும் பெயர், இன்னொன்றில் மூன்றாகும். அதே பெயரைத் தமிழில் எழுதினால் அந்த எட்டு எங்கே ஓடிவிடுகிறது?

இதற்காகப் பெயரில் தேவையற்ற எழுத்தைச் செருகுகிறீர்கள். இரண்டு 'ஏ', இரண்டு 'எச்' என்று நீண்டு, என் வருகைப் பதிவேட்டில் சில பெயர்களை உச்சரிக்கவே எனக்குத் தெரியவில்லை. 'ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு வருகிறது. ஆகவே இப்பிள்ளை துன்பப்படும்' என்று நேரடியாகச் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? சிரித்துவிட்டுப் போவீர்கள். அதையேதான் மாற்றிச் சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள். விபத்துக்குள்ளான வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு சூதாட்டக் கடைக்கு ஓடும் பழக்கமும் இதே வேரில் முளைத்ததுதான். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இப்பதிவு முடியாது.

ஆசிரியர்களே, நமக்கும் உண்டு. கணிதத்தை எந்த மொழியில் கற்பிப்பது என்று 2003இல் தொடங்கிய போராட்டத்தில் நாம் குரல் கொடுத்தோம். தாய்மொழியில்தான் பிள்ளைக்குச் சிந்தனை வரும் என்று மேடைதோறும் முழங்கினோம். சரிதான். ஆனால் 'ஏன்' என்னும் இரண்டெழுத்துத் தமிழ்ச் சொல்லை நம் கணித வகுப்பில் ஒரு வாரத்தில் எத்தனை முறை கேட்கிறோம்? நாள் பாடத்திட்டத்தில் உயர்நிலைச் சிந்தனை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தவறாமல் சரி என்று குறியிடுகிறோம். பிள்ளை உண்மையாகவே சிந்தித்து ஒன்று கேட்டால், 'அது உனக்கு இப்பொழுது வேண்டாம்' என்கிறோம்.

இராமானுசனைப் பற்றி நாம் சொல்லும் கதையும் இந்த இலட்சணத்தில்தான் இருக்கிறது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர், வாடகை வண்டியின் எண் 1729 என்று கேட்டதும் அதன் சிறப்பைச் சட்டென்று சொன்னாராம், தெய்வ அருளாம். உண்மையில் அவ்வெண்ணை அவர் முன்பே தம் கையேட்டில் ஆராய்ந்து வைத்திருந்தார். 9இன் முப்படியையும் 10இன் முப்படியையும் கூட்டினால் 12இன் முப்படியைவிட ஒன்றே ஒன்று கூடுதலாக வரும் என்பதை உழைத்துக் கண்டவர் அவர். அவருடைய உழைப்பை மறைத்து அருளை மட்டும் சொன்னால், 'எனக்கு அந்த அருள் இல்லை' என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. நாம் கெடுக்கும் கேடு இது.

"தேர்வுக்கு வருமா?" என்பார் சிலர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் யாரைக் காட்டிப் பயமுறுத்தப் போகிறோம்? நான் செலவிட்டது இரண்டு பாட வேளைகள். அதாவது ஒரு மணி நேரம். அதில் பிள்ளைகள் நீள் வகுத்தல், பின்னம், தசமம், ஆறிலக்கப் பெருக்கல், காரணி, பகா எண் அனைத்தையும் தொட்டுவிட்டார்கள். பயிற்றி நூலில் இவற்றுக்குத் தனித்தனியே எத்தனை பக்கங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மர்மமே இல்லையா என்றால், உண்டு. நல்ல மர்மம், மனிதர் மதியோடு மோதும் மர்மம். ஏழைப் போலவே, எல்லா மீதிகளையும் ஒரே வட்டத்தில் சுற்றி வரும் பகா எண்கள் வேறும் உண்டு. 17, 19, 23, 29, 47, 59, 61, 97. நூற்றுக்கு உட்பட்ட 25 பகா எண்களுள், ஏழையும் சேர்த்து ஒன்பது எண்கள் இப்படி. ஏழுக்கு மட்டும் தனிச்சிறப்பு என்ற பேச்சு இத்தோடு விழுந்தது. இத்தகைய பகா எண்கள் எண்ணிலடங்காமல் போய்க்கொண்டே இருக்குமா, ஓரிடத்தில் நின்றுவிடுமா? போய்க்கொண்டே இருக்கும், நூறு பகா எண்களில் ஏறத்தாழ 37 இவ்வாறு இருக்கும் என்று எமில் ஆர்ட்டின் என்னும் கணித மேதை 1927இல் கணித்தார். 1967இல் கிறிஸ்டோபர் ஊலி, இன்னொரு பெரிய ஊகம் மெய்யானால் இதுவும் மெய் என்று காட்டினார். அந்த ஊகமும் இன்றுவரை நிறுவப்படவில்லை. அதாவது, நான்காம் ஆண்டுப் பிள்ளை கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கு உலகில் எவரிடமும் நிறுவிய விடை இல்லை. 'இறைவனின் இரகசியம்' என்று எதையாவது சொல்லித்தான் தீர வேண்டுமென்றால் இதைச் சொல்லியிருக்கலாம். இதற்கும் 'யாராவது ஒரு நாள் கண்டுபிடிப்பார்கள்' என்று சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாட வேளை முடியும் மணி அடித்த பிறகும் அந்த மாணவி கரும்பலகை அருகிலேயே நின்றாள். பதின்மூன்றுக்கும் இப்படி வருமா என்று கேட்டாள். எனக்கு விடை தெரியும். இம்முறை சொல்லாமல் விட்டேன், வேறு காரணத்துக்காக. மறுநாள் காலைச் சபைகூடலுக்கு முன்பே கையில் தாளோடு வந்தாள். 076923 என்று ஆறு இலக்கத்திலேயே பேருந்து திரும்பி வந்துவிட்டது, பாதி நிறுத்தங்களைக் காணோம் என்றாள். விடுபட்ட நிறுத்தங்களில் ஏறிப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன். இடைவேளைக்குள் 153846 என்று இரண்டாவது பேருந்தையும் கண்டுபிடித்துவிட்டாள்.

அடுத்த வாரம் 17. பதினாறு இலக்கம் வரும். கரும்பலகையின் அகலம் போதாது. பழைய நாள்காட்டித் தாள்கள் வீட்டில் இருந்தால் பின்பக்கம் எழுதுவதற்குக் கொடுத்தனுப்புங்கள் என்று பெற்றோர் புலனக் குழுவில் கேட்டிருக்கிறேன். இதுவரை ஆறு பேர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் அன்று பெயர் மாற்ற வரிசையில் நின்றவர்.